நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் நகை

தமிழ் நாடகத்தில் நகைச்சுவை வளர்ந்த வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பம்மல் சம்பந்த முதலியாரின் சபாபதியிலிருந்து தொடங்குவர். சிலர் சற்றுப் பின்னோக்கிச் சென்று, 1860களில் தோன்றிய காசி விசுவநாத முதலியாரின் டம்பாச்சாரி விலாசத்தைச் சுட்டுவர். இவ்விரண்டும் சென்னை மாநகரையும் அதன் சூழலையும் களமாகக் கொண்டவை. அதே காலத்தில் காவிரிப் பாசன நாட்டில், நெல் வயல்களுக்கு நடுவே, ஒரு நகை நாடகம் பிறந்து ஊர்தோறும் வழங்கியது என்பதை இவ்வரலாறுகள் கூறுவதில்லை. கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையே அது.

இக்கீர்த்தனையைப் பத்தி நூல் என்பர் சைவர். இசை நூல் என்பர் பாடகர். சீர்திருத்த நூல் என்பர் தேசியவாதிகள். இம்மூன்றும் பொருந்தும். ஆயினும் அந்நூலை நாடகமாக நடத்திச் செல்லும் விசை யாது என வினவின், அது நகையே என்பது நமது கருத்து. அந்நகை யாரை நோக்கியது, எங்கே தொடங்கியது, எங்கே நின்றுவிட்டது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஒப்பு நோக்கற்பொருட்டு, பாரதியார் காலத்தவரான யூஜேன் லபீஷ் என்னும் பிரெஞ்சு நகை நாடக ஆசிரியரையும் ஈண்டுத் துணையாகக் கொள்கின்றோம். இருவர்க்கும் நேரான தொடர்பு ஒன்றும் இல்லை. ஆனால் பிரெஞ்சு நாட்டின் பெயர் இந்நூலின் வரலாற்றிற்கு முற்றும் அயலானதும் அன்று. 1860களின் தொடக்கத்தில் இக்கீர்த்தனை அச்சேறியபோது, பிரெஞ்சு ஆட்சியிலிருந்த காரைக்காலில் பணியாற்றிய சீசே என்னும் பிரெஞ்சு அதிகாரியே அதற்கு உதவினார்.

ஆசிரியர்

பாரதியார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டு தொடங்கும் வேளையில், நாகைக்கு அண்மையிலுள்ள நரிமணத்தில், இசை வல்லார் குடியிற் பிறந்தார். முடிகொண்டான், ஆனந்ததாண்டவபுரம், மாயூரம் ஆகிய ஊர்களில் வாழ்ந்தார். மணம் செய்துகொண்டிலர், நிலம் உடையரும் அல்லர். ஊரிலுள்ள செல்வர் ஆதரவில் உண்டு, திண்ணையில் உறங்கி, கதை சொல்லியும் கீர்த்தனை பாடியும் காலங் கழித்தவர். டாக்டர் உ. வே. சாமிநாதையர் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்ட நாளில் பாரதியாரிடம் சிலகாலம் இசை பயின்றார். பிற்காலத்தில் அவர் வாழ்க்கையைத் தனி நூலாகவும் எழுதினார். பாரதியாரைப் பற்றி நாம் அறிவன பலவும் ஐயர் எழுத்தின் வழி வந்தனவே.

பாரதியார் நிலமற்றவர் என்பதும், நிலமுடையார் வீட்டுத் திண்ணையில் வாழ்ந்தவர் என்பதும் ஒருங்கே கருதத்தக்கவை. கதாகாலட்சேபத்தில் ஒருவரே எல்லாப் பாத்திரமும் ஆவார். நந்தனாக இரந்து நின்ற குரலே அடுத்த கணம் வேதியராகச் சீறும். கேட்டிருப்போருள் முன்வரிசையில் அமர்ந்தவர் மிராசுதார். கதைக்குச் செலவு செய்பவரும் அவரே. அவர் எதிரிலேயே மிராசுதார் ஒருவரை நகைப்பொருளாக நிறுத்துவது எளிய செயல் அன்று. இதனைச் செய்து, செய்ததற்குப் பாராட்டும் பெற்றவர் பாரதியார்.

'நாளை' இடம் மாறிய திறம்

சேக்கிழார் திருநாளைப்போவார் வரலாற்றை 37 செய்யுள்களில் அடக்கினார். அதில் நந்தனார் கொள்ளிடக் கரையிலுள்ள ஆதனூரில் வாழ்பவர். கோயில்களின் முழவுகட்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும் தருபவர். திருப்புன்கூரில் அவர் காணும்பொருட்டு நந்தி விலகுகின்றது. பின்னர்த் தில்லைக்குச் செல்ல விழைகின்றார். தம் குலத்தை எண்ணித் தயங்குகின்றார். மறுநாள் போவேன் என்கின்றார். மறுநாளும் அவ்வாறே கூறுகின்றார். அதனாலேயே அவர்க்கு அப்பெயர் அமைந்தது. அங்கே பண்ணை இல்லை, ஆண்டை இல்லை, வேதியர் என்னும் பாத்திரம் இல்லவே இல்லை. தடை முழுதும் நந்தனார் நெஞ்சினுள் நிகழ்வது.

பாரதியார் இவ்வரலாற்றை எடுத்துக்கொண்டு ஒரே ஒரு மாற்றம் செய்தார். நந்தனைப் பண்ணையாள் ஆக்கினார். அவனுக்கு மேல் ஓர் ஆண்டையைப் படைத்தார். இதனால் நேர்ந்தது என்னை? 'நாளை' என்னும் சொல் நந்தன் வாயிலிருந்து ஆண்டை வாய்க்குப் பெயர்ந்துவிட்டது. புராணத்தில் தயங்குபவன் தொண்டன். கீர்த்தனையில் தள்ளிப்போடுபவர் முதலாளி. உழவு முடியட்டும், நடவு முடியட்டும், அறுவடை முடியட்டும் என்று அவர் நாளைக் கடத்துகின்றார். உள்ளத்தின் போராட்டமாக இருந்தது வெளிப்பட்ட வாதமாயிற்று. செய்யுளில் அமைந்த ஒரு பெயர்க்காரணம் நாடகத்தின் முரணாயிற்று. பாரதியாரை நாடக ஆசிரியர் என்று நாம் கூறுவது இதுபற்றியே.

தள்ளிப்போடுதல் நகை நாடகத்தின் தொன்மையான கருவி. வேண்டுபவன் வேண்டிக்கொண்டே இருக்கவும், தடுப்பவன் புதுப்புதுக் காரணம் கண்டுகொண்டே இருக்கவும், கேட்போர்க்கு அடுத்த காரணம் யாது என்னும் ஆவல் வளர்கின்றது. ஒவ்வொரு காரணமும் முன்னையதினும் சற்றே மெலிந்திருப்பின் நகை பிறக்கும். பாரதியாரின் வேதியர் முதலில் சாத்திரத்தைக் காட்டுகின்றார். பின்னர்ச் சாதியைக் காட்டுகின்றார். இறுதியில் வயலைக் காட்டுகின்றார். உண்மைக் காரணம் வயலே என்பதைக் கேட்போர் முன்னமே அறிவர். தாம் மறைப்பதாகக் கருதும் ஒன்றை அவையினர் எல்லாரும் கண்டுகொண்டிருக்க, அவர் ஒருவர் மட்டும் அது மறைந்திருப்பதாக எண்ணுகின்றார். இவ்விடத்து நகை இதுவே.

நாற்பது வேலி

இந்நாடகத்தின் நகையை முழுதும் உணர்தற்கு நெல் நாட்டின் பஞ்சாங்கம் தெரிதல் வேண்டும். தஞ்சைக்கும் திருவாரூர்க்கும் இடையே, வெண்ணாற்றங்கரையில் அமைந்த நீடாமங்கலத்தை எடுத்துக்கொள்வோம். மேட்டூர் அணை 1934இல் எழும்பும் முன், ஆனி ஆடியில் காவிரியில் புதுவெள்ளம் வந்தவுடன் இவ்வயல்களில் வேலை தொடங்கும். நாற்றங்கால் விட்டு, சேறு கலக்கி, புரட்டாசி வாக்கில் சம்பா நடுவர். மார்கழியில் கதிர் முற்றும். தையில் அறுத்துக் களம் சேர்ப்பர்.

தில்லைக் கூத்தனுக்குரிய பெருவிழாக்கள் இரண்டு: ஒன்று ஆனித் திருமஞ்சனம், மற்றொன்று மார்கழித் திருவாதிரை. ஒன்று வயலில் நீர் பாயுங் காலத்தது. மற்றொன்று கதிர் முற்றுங் காலத்தது. பண்ணையாளுக்கு இவ்விரண்டும் கைவிட முடியாத நாட்கள். நந்தன் திருவாதிரைக்குப் போக விடை கேட்கின்றான். அறுப்பு நெருங்கிய வேளையில் ஆள் ஒருவனை விடுவது எந்த மிராசுதார்க்கும் உவப்பாகாது. ஆகவே வேதியரின் மறுப்பு வெறும் கொடுமையினால் எழுந்தது அன்று. அதற்கு ஒரு கணக்கு உண்டு. சாத்திரம் பேசும் வாயின் பின்னே நெற்கணக்கு நிற்பதைப் பாரதியார் நன்கறிவார். அவர் பாடலைக் கேட்ட உழவரும் அறிவர்.

இனி அவர் விதித்த நிபந்தனையை நோக்குவோம். நாற்பது வேலி நிலத்தையும் பயிரிட்டு முடித்துவிட்டுப் போகலாம் என்கின்றார் வேதியர். ஒரு வேலி என்பது இருபது மா. ஆறேமுக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. நாற்பது வேலி எனின் 800 மா. ஏறத்தாழ 267 ஏக்கர். நகரத்தார் இதனை ஒரு பெரிய எண் என்று மட்டும் கொள்வர். ஒரு மா நிலத்தில் ஒருநாள் குனிந்து நட்டவர்க்கு 800 மா என்பது யாது பொருளென்று தெரியும். ஆதலின் இந்நிபந்தனை, மறுப்பை இசைவின் வடிவில் சொல்லும் தந்திரம் என்பது அவர்க்கு உடனே விளங்கும். 'போ' என்னும் சொல்லாலேயே போகாதே என்று சொல்லும் இத்திறத்தில் அவையினர் முதலில் நகைத்திருப்பர். நகைத்த பின்னர்த் தம் ஊர் ஆண்டையும் இவ்வாறே விடை கொடுத்ததை நினைந்திருப்பர். அளவு கூறியே நகை விளைத்தது பாரதியாரின் நுண்மை.

நகையின் நிலைக்களன்கள்

தொல்காப்பியர் நகை தோன்றும் களன்களை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்காகப் பகுத்தார். பேராசிரியர் இவற்றை விளக்குங்கால், எள்ளல் என்பது பிறரை இகழ்தலும் பிறரால் இகழப்படுதலும் என இருபாற்படும் என்பர். பேதைமை அறிவின்மை என்பர். மடன் என்பது பிறர் கொளுத்தியதைக் கொண்டு பின் அதனை விடாமை என்பர். இப்பகுப்பு நந்தனார் கீர்த்தனைக்கு வியக்கத்தக்க வகையில் பொருந்துகின்றது.

இளமை நந்தனிடம் உள்ளது. ஆண்டின் இளமை அன்று, வேட்கையின் இளமை. விழாவிற்குச் செல்ல வேண்டும் என்று அடம்பிடிக்கும் குழவி போல அவன் மீண்டும் மீண்டும் வந்து நிற்கின்றான். இதில் விளையும் நகை அன்பொடு கலந்த நகை; அவனைத் தாழ்த்துவதன்று.

மடன் வேதியரிடம் உள்ளது. முன்னோர் சொல்லிக் கொடுத்ததைப் பற்றினார், விட்டிலர். தாம் கூறும் விதிக்குப் பொருள் யாது என அவர் ஒருபொழுதும் வினவினாரல்லர். பேதைமையும் அவரிடமே. தம் நிலத்தின் விளைவு யாரால் விளைகின்றது என்பதை அவர் அறியார். தம் ஆணையால் விளைவதாக எண்ணுகின்றார். நூல் கற்றவர் பேதை, கல்லாதவன் அறிஞன் என்னும் இத்தலைகீழ் அமைப்பு உலக நகை நாடகங்களில் பெருவழக்கு. பதினேழாம் நூற்றாண்டில் மோலியேர் தம் நாடகங்களில் கற்ற மருத்துவரைப் பேதையராகவும் வீட்டுப் பணிப்பெண்ணை அறிவுடையளாகவும் நிறுத்தினார்.

எள்ளல் இருவர்க்கும் பொது. ஆனால் அது திசை மாறுகின்றது. தொடக்கத்தில் வேதியர் நந்தனை எள்ளுகின்றார். அவ்வசைமொழிகள் கடியவை, இன்று படிப்பார்க்கு மனம் கூசும். அவற்றைப் பாடும் பாகவதர் எப்பக்கம் நின்று பாடுகின்றார் என்பதைப் பொறுத்து நகை இருதிறப்படும். வேதியரின் சினத்தைப் பெருக்கிக் காட்டின் அவை வேதியரை நோக்கி நகும். வசையின் சுவையை மட்டும் பெருக்கிக் காட்டின் அவை நந்தனை நோக்கி நகும். நூல் முன்னதையே நாடுகின்றது. மேடை பின்னதற்கும் இடங்கொடுத்தது. சேரி முதியவர் பேசும் பகுதியிலும் இவ்விடர் உண்டு. அவர் பழைய வழிபாட்டை விடாதவர். ஆண்டைக்கு அஞ்சி நந்தனைக் காட்டிக்கொடுப்பவர். அவரது அச்சத்தில் நகைப்பதா இரங்குவதா என்பதைப் பாரதியார் தெளிவாக வரையறுத்திலர். நகை நாடகம் எழுதுவோர் கூர்மையான கருவியைக் கையாளுகின்றனர். கைமாறிய பின் அது யாரைக் கீறும் என்பது ஆக்கியோன் ஆணைக்கு உட்பட்டதன்று.

பெரிஷோனும் வேதியரும்

யூஜேன் லபீஷ் 1815இல் பாரிசு நகரிற் பிறந்து 1888இல் அங்கேயே மறைந்தார். நூற்றெழுபதுக்கு மேற்பட்ட நாடகங்கள் அவர் பெயரால் வழங்குவன. பெரும்பாலானவை பிறரொடு கூடி எழுதியவை. 1851இல் அரங்கேறிய 'இத்தாலிய வைக்கோல் தொப்பி' அவர்க்குப் பெயரளித்தது. பின்னர் அவர் சொலோஞ் என்னும் நாட்டுப்புறப் பகுதியில் நிலம் வாங்கிச் சதுப்பைத் திருத்தி வேளாண்மை செய்தார், ஊர்த்தலைவராகவும் இருந்தார். நிலமுடையாரின் மனநிலை அவர்க்குப் பாரதியாரைப் போல் திண்ணையிலிருந்து கண்டது அன்று, தாமே உடையது.

எட்வார் மார்த்தேன் என்பாரொடு அவர் எழுதிய 'திருவாளர் பெரிஷோனின் பயணம்' 1860இல், அதாவது நந்தனார் கீர்த்தனை அச்சேறியதை ஒட்டிய காலத்தில், பாரிசில் நடிக்கப்பட்டது. பெரிஷோன் வண்டி செய்து விற்றுப் பொருளீட்டிய செல்வர். குடும்பத்தொடு பனிமலைக்குச் செல்கின்றார். அவர் மகளை விரும்பும் இளைஞர் இருவரும் உடன் செல்கின்றனர். மலையில் வழுக்கி விழும் தறுவாயில் அவரை ஒருவன் காக்கின்றான். பெரிஷோன் முதலில் நன்றி பாராட்டுகின்றார். ஆனால் நன்றிக்கடன் நாளுக்கு நாள் கசக்கின்றது. இதனை உணர்ந்த மற்றவன், தானே விழுவதுபோல் நடித்துப் பெரிஷோன் தன்னைக் காக்குமாறு செய்கின்றான். பெரிஷோனின் அன்பெல்லாம் அவன்பாற் செல்கின்றது. தமக்கு உதவியவனைக் காட்டிலும் தம்மால் உதவி பெற்றவனே மனிதர்க்கு இனியன் என்னும் கசப்பான உண்மையை லபீஷ் நகைக்க நகைக்கக் காட்டிவிட்டார்.

இக்கண்ணாடியில் நம் வேதியரை நோக்குவோம். பண்ணை முறையின் உயிர்நாடி கடன். ஆள் ஆண்டைக்குக் கடன்பட்டவன் என்பதே அதன் முதற்கொள்கை. உண்ணும் கூலியும், உறையும் மனையும், மணத்திற்குப் பெற்ற நெல்லும் எல்லாம் ஆண்டையின் கொடை என்று கணக்கிடப்படும். உண்மையிற் கடன்பட்டவர் ஆண்டையே. நந்தனின் உழைப்பில் வாழ்பவர் அவர். பெரிஷோனைப் போலவே வேதியரும் தமக்கு உதவுபவனைத் தம்மால் உதவி பெறுபவனாகவே காண விரும்புகின்றார். ஓரிரவில் நாற்பது வேலியும் விளைந்து நிற்கும் காட்சியைக் காணும்போது இக்கணக்குத் தலைகீழாகின்றது. கொடுப்பவன் நந்தன், கொள்பவர் வேதியர் என்பது கண்முன் நிற்கின்றது.

இங்கேதான் இரண்டு ஆசிரியரும் பிரிகின்றனர். லபீஷ் தம் பாத்திரத்தை இறுதிவரை மனிதனாகவே விட்டுவைக்கின்றார். பெரிஷோன் ஒட்டுக்கேட்டுத் தன் மடமையை உணர்ந்து, மகளை உரியவனுக்கே கொடுக்கின்றார். ஆயினும் வீண்பெருமை அவரை விட்டு நீங்கியதென்று யாரும் நம்பார். பாரதியாரோ வேதியரை நந்தன் அடியில் விழச் செய்கின்றார். நகை அங்கே நின்றுவிடுகின்றது, பத்தி தொடங்குகின்றது.

பாயிரமும் முன்னுரையும்

நகை நூலைப் புலவருலகம் எவ்வாறு ஏற்றது என்பதிலும் இருவர்க்கும் ஒப்புமை உண்டு. பாரதியார் தம் கீர்த்தனைக்குச் சிறப்புப்பாயிரம் வேண்டி மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பன்முறை சென்றார். அந்நூலில் இலக்கண வழுக்கள் மலிந்திருத்தலால் பிள்ளையவர்கள் ஏதேனும் கூறி நாள் கடத்தினார். ஒருநாள் பிள்ளையவர்கள் துயின்றெழும் வேளைக்குக் காத்திருந்த பாரதியார், தமக்குள்ளே தம் பாட்டொன்றைப் பாடிக்கொண்டிருக்க, அதனைக் கேட்டுருகிப் பிள்ளையவர்கள் பாயிரம் அளித்தார். இச்செய்தியைத் தந்தவர் சாமிநாதையர். நாளை நாளை என்று கடத்தப்பட்ட தொண்டனின் கதையைப் பாடியவர்க்கே இந்நிலை நேர்ந்தது.

லபீஷின் நாடகங்களையும் பிரெஞ்சுப் புலவர் நெடுங்காலம் இலக்கியமாக மதித்திலர். உண்டு களித்தவர் மாலையில் சிரித்துப் போகத்தக்க கூத்து என்றே கருதினர். 1878, 1879ஆம் ஆண்டுகளில் அவர் நாடகங்கள் பத்துத் தொகுதிகளாக வெளிவந்தபோது, மதிப்பு வாய்ந்த நாடக ஆசிரியரான எமில் ஓசியே முன்னுரை வழங்கினார். அதன்பின் 1880இல் பிரெஞ்சுக் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது.

ஈண்டு ஒரு வேற்றுமையை நாம் மறத்தலாகாது. லபீஷ் ஏற்கப்பட்டது அவர் நகைக்காகவே. பாரதியார் ஏற்கப்பட்டது அவர் உருக்கத்திற்காக. பிள்ளையவர்களின் உள்ளத்தைக் கரைத்தது பாடல். வேதியரின் வாதம் அன்று. அன்று தொடங்கிய அம்மதிப்பீடே இன்றளவும் நம் ஆராய்ச்சியில் நிலைத்துள்ளது. இலக்கண வழு எனப்பட்டவற்றுள் பல, ஆண்டையும் ஆளும் பேசும் பேச்சுமொழி வடிவங்கள். நகை நாடகத்திற்கு அப்பேச்சே உயிர். திருத்தமான செந்தமிழில் வேதியர் சீறினால் அவர் புராணப் பாத்திரம் ஆகிவிடுவார். ஊர் மிராசுதார் ஆகார். வழுவென்று ஒதுக்கியதில் நாம் இழந்தது ஒரு நாடக ஆசிரியரையே.

நகை நின்ற இடம்

இனி, பாரதியாரின் நகை ஏன் நாற்பது வேலியில் நின்றது என்னும் வினாவிற்கு வருவோம். கதை அவ்வாறு செல்லவேண்டியிருந்தது, நந்தனார் தில்லை சேர வேண்டியவர் எனலாம். அது பாதி விடையே. நாற்பது வேலியை விளைவித்தவர் யார்? நந்தன் அல்லன்; சிவகணங்கள். உழைப்பின் அருமையை எண்ணால் உணர்த்திய ஆசிரியர், அவ்வுழைப்பையே ஓரிரவில் கதையினின்று அகற்றிவிட்டார். வேதியர் வணங்குவது இறையருள் பெற்ற அடியவனை. தம் வயலை உழுத ஆளை அன்று. ஆதலின் அவர் வணங்கிய பின்னும் பண்ணைக் கணக்கு அப்படியே நிற்கின்றது. மேலும், நிபந்தனை முற்றும் நிறைவேறிவிட்டது. ஆண்டைக்கு ஒரு மரக்கால் நெல்லும் நட்டமில்லை. நிபந்தனை நேரியதா என்னும் வினா எழவே இல்லை. அற்புதம் ஆண்டையைத் தோற்கடித்தது, ஆண்டைமையைக் காப்பாற்றியது.

முன்வரிசையில் அமர்ந்த மிராசுதார் ஏன் சினவாது கேட்டார் என்பதற்கும் இதுவே விடை. கதையின் முற்பகுதியில் அவர் தம்மைக் கண்டு நாணியிருக்கலாம். பிற்பகுதி அவர்க்கு ஒரு வழி காட்டியது. நந்தனைப் போன்ற அடியவன் வந்தால் நானும் வணங்குவேன் என்று அவர் மனநிறைவொடு எழுந்து செல்லலாம். மறுநாட் காலையில் வயலுக்கு வருபவன் அத்தகைய அடியவன் அல்லன் என்பது அவர் துணிபு.

இம்மனநிறைவின் விலை யாது என்பதை நீடாமங்கலத்தின் வரலாறே கூறும். 1935இல் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாகவும் மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியராகவும் தோன்றிய நந்தனார் திரைப்படம் வெளிவந்தது. ஆலய நுழைவு நாடெங்கும் பேசப்பட்ட காலம் அது. 1937 டிசம்பரில் நீடாமங்கலத்தில் காங்கிரசு மாநாடு ஒன்று நிகழ்ந்தது. அங்கே பொதுப்பந்தியில் அமர்ந்து உண்ட ஒடுக்கப்பட்ட வகுப்புத் தொழிலாளர், அதன் பொருட்டு அடிக்கப்பட்டுத் தலை மழிக்கப்பட்டுச் சாணிப்பால் புகட்டப்பட்டனர் என்னும் செய்தியை 'விடுதலை' இதழ் வெளிக்கொணர்ந்தது. அது வழக்கு மன்றம் வரை சென்றது; நம் காலத்தில் தனி நூலாகவும் ஆராயப்பட்டுள்ளது. நந்தனுக்காகக் கண்ணீர் உகுத்த நாடு, தன் ஊர்ப் பந்தியில் நந்தன் அமர்வதைப் பொறுக்கவில்லை. கண்ணீர் தொலைவில் உள்ளார்க்கு எளிதில் சுரக்கும். நகையோ அண்மையில் உள்ளாரைத் தீண்டுவது. தன்னையே தீண்டவும் வல்லது. பாரதியாரைப் பாடியவர் அவர் கண்ணீரைப் பேணி, அவர் நகையை நழுவவிட்டனர்.

பண்ணைக் கணக்கு மாறியது அற்புதத்தால் அன்று. விவசாயத் தொழிலாளர் ஒன்றுகூடிப் போராடியதன் பயனாக 1944இல் மன்னார்குடியில் உடன்படிக்கை ஏற்பட்டது. சாட்டையடியும் சாணிப்பாலும் ஒழியவேண்டும் என்பது அப்போராட்டத்தின் தலையாய கோரிக்கைகளுள் ஒன்று. 1952இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேதியர் நாளை என்று தள்ளியதற்கு ஒரு தேதி குறிக்கப்பட்டது என்று இதனைக் கூறலாம்.

கிந்தனார்

நழுவவிட்ட நகையை மீண்டும் கையிலெடுத்தவர் புலவர் அல்லர், நகைச்சுவை நடிகர். என். எஸ். கிருஷ்ணன் 1949இல் வெளிவந்த 'நல்ல தம்பி' திரைப்படத்தில் கிந்தனார் என்னும் கதாகாலட்சேபத்தை நிகழ்த்தினார். பெயரிலேயே நந்தனார் ஒலிக்கின்றார். நடையும் பாகவதர் பாங்கும் பழைய கீர்த்தனைக்குரியவை. ஆனால் கிந்தன் விரும்புவது தில்லைக் காட்சி அன்று, கல்வி. அவன் தீப்புகுந்து சோதியில் கலக்கவில்லை. புகைவண்டி ஏறிப் பட்டணம் சென்று படிக்கின்றான்.

இதனைக் கேலிக்கூத்து என்று மட்டும் கொள்வது பொருந்தாது என்பது நமது துணிபு. பாரதியார் அற்புதத்தை வைத்த இடத்தில் கிருஷ்ணன் புகைவண்டியையும் பள்ளியையும் வைத்தார். ஏனைய அனைத்தையும் பாரதியாரிடமிருந்தே கொண்டார்: மன்றாடும் இளமை, மறுக்கும் மடன், ஒருவரே பல குரலாகும் கதை முறை, பேச்சுமொழியின் விறுவிறுப்பு. பாரதியார் நூலில் நகைக்கு இவ்வளவு இடம் இல்லாதிருந்தால், அதனைத் திருப்பி நகை நூலாக்குதல் இயன்றிராது. ஒரு நூலைக் கேலி செய்பவன் சிலவேளை அந்நூலின் சிறந்த உரையாசிரியனும் ஆவான். நிபந்தனை நிறைவேறவேண்டியதே இல்லை, ஆண்டையின் விடையே வேண்டியதில்லை என்பது கிந்தனாரின் முடிபு. நாற்பது வேலியில் நின்ற நகை அங்கிருந்து மேலே நடந்தது எனலாம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் விளங்குவன: பாரதியார் புராணக் கதையில் 'நாளை' என்பதைத் தொண்டன் வாயிலிருந்து ஆண்டை வாய்க்கு மாற்றி நாடகம் ஆக்கினார். அம்மாற்றத்தால் நகைக்குரியவர் ஆள் அல்லர், ஆண்டையே என்று நிறுவினார். வேலிக்கணக்கையும் பயிர்க்காலத்தையும் அறிந்த அவைக்கே முற்றும் விளங்கும் நகை அது. அதே நூலில், அற்புதத்தை வருவித்து அந்நகையைத் தாமே நிறுத்தினார். பெருமையும் குறையும் ஒரே இடத்தில் உள்ளன. ஒன்றைக் கூறி ஒன்றை மறைத்தல் திறனாய்வு ஆகாது.

நந்தனார் சரித்திரக் கீர்த்தனையை இசைப்பாடத்திலும் பத்தி இலக்கியப் பாடத்திலும் வைத்துப் பயிற்றுவோர், அதன் வேதியர் பகுதிகளை நாடகப் பாடத்திலும் வைத்துப் பயிற்றுவாராக. பயிற்றுங்கால் மாணவர் நகைப்பரேல் தடுத்தல் வேண்டா. நகைத்த பின்னர், தாம் யாரை நோக்கி நகைத்தோம் என்னும் வினாவை அவர்களே எழுப்பிக்கொள்ளுமாறு செய்தல் போதும். அவ்வினாவை நாளைக்கு ஒத்திவைத்தல் தகாது.